முடிவு தெரிந்த பிறகும் படிக்க முடிகிறதா? ஐந்து உளவியல் த்ரில்லர்களும் ஒரே ஓர் இடமும்

பழைய வீட்டில் கூடத்துச் சுவர் முழுக்கப் புத்தக அலமாரி. புதிய வீட்டில் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே மூன்றே தட்டுகள். கவிதை, வரலாறு, அகராதிகள் என்று அடுக்கி முடித்தபோது உளவியல் த்ரில்லர்களுக்கு மிஞ்சியது ஒரு புத்தகம் நுழையும் இடைவெளி. என்னிடம் இருந்தவற்றில் கொடுக்க மனம் வராதவை ஐந்து: 'தி சைலண்ட் பேஷண்ட்', 'தி கேர்ள் ஆன் தி டிரெயின்', 'கான் கேர்ல்', 'ரெபெக்கா', 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'. இரண்டு மாதம் எடுத்துக்கொண்டு ஐந்தையும் மறுபடி படித்தேன். எது தங்கியது, ஏன் தங்கியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்தக் கதையின் முடிவையும் உடைக்கவில்லை, பயமில்லாமல் படிக்கலாம்.

எந்த அளவுகோலை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் முதலில் குழப்பம். ஐந்துமே விறுவிறுப்பானவை. நான்கு திரைப்படமாகவும் வந்திருக்கின்றன. சொல்பவரை முழுக்க நம்ப முடியாது என்பது இந்த வகை நாவல்களில் ஏறத்தாழ எழுதப்படாத ஒப்பந்தம். இவற்றை வைத்து எதையும் பிரிக்க முடியாது. அளவுகோல் அம்மாவிடமிருந்து கிடைத்தது.

அம்மா ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். எந்தக் கதைப் புத்தகம் கைக்கு வந்தாலும் கடைசி இரண்டு பக்கங்களைப் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவார். "யார் பிழைக்கிறார்கள் என்று தெரியாமல் எப்படி நிம்மதியாகப் படிப்பது?" என்பார். சின்ன வயதில் அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். அவ்வளவு பாடுபட்டு ஒளித்துவைத்ததை இப்படி அவிழ்த்துவிட்டுப் படிப்பதா என்று சண்டை போட்டிருக்கிறேன். அலமாரியில் வைக்கப்போகும் புத்தகம் என்றால் நானும் இனி முடிவு தெரிந்தவர் கூட்டத்தில்தான் சேர்த்தி. மூன்றாம் முறை, நான்காம் முறை எடுக்கும்போது ரகசியம் என்று ஒன்றுமே மிச்சமிருக்காது. அப்போதும் அந்தப் புத்தகத்தில் எனக்கு ஏதாவது இருக்கிறதா? இந்த ஒரு கேள்வியை வைத்தே ஐந்தையும் பார்த்தேன்.

'தி சைலண்ட் பேஷண்ட்' முதலில் விழுந்தது. அலெக்ஸ் மைக்கேலிடிஸ் எழுதி 2019-இல் வந்த நாவல். அலீசியா என்ற ஓவியர் கணவனை ஐந்து முறை சுட்டுவிட்டு, அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அவரைப் பேசவைத்தே தீருவது என்று தியோ என்ற மனநல சிகிச்சையாளர் கிளம்புகிறார். ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம். கடைசியில் வரும் திருப்பம் முதல் முறை என்னைத் தூக்கிப்போட்டது, அதை மறுக்க மாட்டேன். மறுவாசிப்பில் அந்தத் திருப்பத்தைத் தாங்குவதற்காக நட்ட சாரக்கட்டு மட்டுமே கண்ணில் பட்டது. மருத்துவமனையில் வரும் மற்றவர்கள் எல்லோரும் என் கவனத்தைத் திருப்பவே நிற்கிறார்கள். அலீசியா வரையும் தன்னுருவ ஓவியத்துக்கு 'அல்செஸ்டிஸ்' என்று பெயர். யூரிப்பிடிஸின் கிரேக்க நாடகத்தில் கணவனுக்குப் பதிலாகச் சாகச் சம்மதித்து, செத்து, மீட்டுக் கொண்டுவரப்பட்ட பிறகு வாய் திறக்காமல் நிற்பவள் அவள். நாவலிலேயே ஆழமான இடம் அதுதான், அதுவும் இரவல். இந்த வகையில் இதுவரை எதுவுமே படிக்காத ஒருவருக்கு முதல் புத்தகமாகக் கொடுக்க இதைவிட நல்லது இல்லை. அலமாரியில் வைக்க வேண்டியதில்லை.

பாலா ஹாக்கின்ஸின் 'தி கேர்ள் ஆன் தி டிரெயின்' (2015) பாதி வரை நன்றாகத் தாக்குப்பிடித்தது. லண்டனுக்குத் தினமும் ரயிலில் போய்வரும் ரேச்சல், தண்டவாள ஓரத்து வீடு ஒன்றில் தெரியும் ஜோடிக்குத் தானே பெயர் வைத்து, தானே ஒரு வாழ்க்கையும் கட்டிக்கொடுக்கிறாள். ஒருநாள் அந்தப் பெண் காணாமல் போகிறாள். அன்றிரவு அந்தப் பக்கம் போன ரேச்சலுக்குக் குடிபோதையில் எதுவும் நினைவில்லை. ரயிலில் உட்கார்ந்து டின்னில் அடைத்த ஜின் குடித்துக்கொண்டே அடுத்தவர் வீட்டு மாடியைப் பார்க்கும் அந்தத் தனிமை, முடிவு தெரிந்த பிறகும் நெஞ்சைப் பிசைகிறது. ஆனால் கதையைச் சொல்லும் மூன்று பெண்களின் குரலும் எனக்கு ஒன்றுபோலவே கேட்டது. விடை தெரிந்துவிட்டால், சந்தேகப்பட வேண்டியவர்கள் எத்தனை குறைவு என்பதும் உறைக்கிறது.

கடைசிச் சுற்றில் உண்மையான போட்டி மூன்றுக்கு இடையில்தான்.

கில்லியன் ஃப்ளின் 2012-இல் எழுதிய 'கான் கேர்ல்' தன் பெரிய வெடியைக் கடைசிப் பக்கத்துக்குச் சேமித்து வைப்பதில்லை. அது ஏறக்குறைய நடுவிலேயே வெடித்துவிடுகிறது. அதன் பிறகும் பாதி நாவல் நம்மைப் பிடித்து உட்காரவைக்கிறது என்றால், திருப்பத்தைத் தாண்டி அதில் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். நியூயார்க்கில் பத்திரிகை வேலை போய், மிசௌரி மாநிலத்துச் சிற்றூருக்குத் திரும்பிய நிக், ஏமி தம்பதி. ஐந்தாவது திருமண நாளன்று ஏமி காணாமல் போகிறாள். ஓர் அத்தியாயம் நிக், அடுத்தது ஏமியின் டைரி என்று மாறிமாறி வரும். ஒவ்வொரு திருமண நாளுக்கும் ஏமி கணவனுக்குப் புதையல் வேட்டைத் துப்புகள் எழுதி வைப்பாள். முதல் தடவை அந்த வரிகளைக் காதல் கடிதமாகப் படித்தேன். இரண்டாம் தடவை அதே வரி, அதே சொற்கள், எனக்கு முதுகு சில்லிட்டது. இந்த இடங்களுக்காகவே இதை வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு வாரம் தடுமாறினேன். கடைசி மூன்றில் ஒரு பங்கு அதைக் கெடுத்தது. காரியங்கள் தேவைக்கேற்றபடி வசதியாக நடக்கின்றன. யாருக்காகவும் மனம் இரங்குவதில்லை. கல்யாணம் என்பதற்குள் இருக்கும் நடிப்பை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன த்ரில்லரை நான் வேறு படித்ததில்லை. ஆனால் மூடிவைத்த பின் கூடவே வரும் மனிதர் அதில் ஒருவரும் இல்லை.

டாஃப்னி டு மோரியேயின் 'ரெபெக்கா' 1938-இல் வந்தது. அந்த நாவலின் முதல் பக்கமே பாதி முடிவைச் சொல்லிவிடுகிறது: மாண்டர்லி என்ற அந்த மாளிகை இனி இல்லை, கனவில் மட்டுமே அங்கே போக முடியும். எழுதியவரே கடைசிப் பக்கத்தை முன்னால் கொண்டுவந்து வைத்ததுபோல. அம்மாவுக்கு இது உடனே பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. பணக்காரர் ஒருவரின் இரண்டாவது மனைவியாக அந்த வீட்டுக்கு வரும் இளம்பெண்ணுக்கு நாவல் முழுக்கப் பெயரே கிடையாது. இறந்துபோன முதல் மனைவியின் பெயர்தான் அட்டையில் இருக்கிறது. வந்த புதிதில் மேசைமேல் இருந்த பீங்கான் பொம்மையைத் தவறிப்போய் உடைத்துவிட்டு, துண்டுகளைப் பொறுக்கி இழுப்பறையின் உள்ளே தள்ளி மறைப்பாள். அந்த வீட்டுக்கே எஜமானி அவள். தன் வீட்டுப் பொருளை உடைத்ததற்கு வேலைக்காரப் பெண்போலப் பயப்படுகிறாள். மர்மம் இன்னும் தொடங்கவே இல்லை, எனக்கு மூச்சு முட்டியது. மறுவாசிப்புத் தேர்வில் இது எளிதாகத் தேறுகிறது. பிறகு ஏன் முதலிடம் இல்லை? இது என் சொந்த ரசனை சார்ந்தது: புதிரை அவிழ்க்கும் கடைசிப் பகுதி, முன்னால் வந்த அச்சத்துக்கு ஈடாக எனக்கு நிற்கவில்லை. அப்படி இல்லை என்று வாதிடுபவர்களோடு நான் மல்லுக்கு நிற்க மாட்டேன்.

தங்கியது கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'. ஜப்பானில் 2005-இல் வந்து நவோகி பரிசு பெற்ற நாவல். நான் படித்தது ஆங்கில மொழிபெயர்ப்பு. அதனால் மொழியழகைப் பற்றி எதுவும் சொல்லத் துணியவில்லை. ஆங்கிலத்தில் நடை எளிமையாக, சில இடங்களில் தட்டையாகவே இருக்கிறது. சொல்வது கட்டுமானத்தைப் பற்றி மட்டும்.

இதில் கொலையாளி யார் என்று தேட வேண்டியதே இல்லை. தோக்கியோவில் மதிய உணவுப் பெட்டி விற்கும் கடையில் வேலை பார்க்கிறாள் யசுகோ. விட்டு விலகிய கணவன் தேடி வந்து தொல்லை கொடுக்கிறான். முதல் அத்தியாயத்திலேயே, கைகலப்பில், அவளும் பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகளும் சேர்ந்து அவனைக் கொன்றுவிடுகிறார்கள். ஆயுதம், குளிருக்காக அடியில் சூடேற்றும் தாழ்வான மேசையின் மின்கம்பி. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் கணக்கு ஆசிரியர் இஷிகாமி கதவைத் தட்டுகிறார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். யார், எப்படி, எதற்காக என்று எல்லாம் நம் கண்முன்னே நடந்துவிட்டது. அதற்கு மேலும் ஒரு திருப்பம் இருக்க முடியும் என்று முதல் முறை நான் எதிர்பார்க்கவில்லை. அது வந்தபோது அதிர்ச்சியோடு தொண்டையும் அடைத்தது. அந்த இரண்டும் ஒரே வரியில் சேர்ந்து வந்ததுதான் மற்ற நான்கிலிருந்தும் இதைப் பிரிக்கிறது.

மறுவாசிப்பில் நடந்தது இன்னும் பெரிது. நாவல் தொடங்குவது இஷிகாமியின் காலைநேர நடையில். வீட்டிலிருந்து கிளம்பி, சுமிதா ஆற்றங்கரை வழியாக, பாலத்தடியில் நீலத் தார்ப்பாய் கட்டி வாழும் வீடற்றவர்களைக் கடந்து, உணவுப் பெட்டி வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போகிறார். முதல் முறை, நாவலாசிரியர் ஊரை அறிமுகப்படுத்துகிறார் என்று நினைத்து வேகமாகத் தாண்டிப்போன பக்கங்கள் அவை. இரண்டாம் முறை அந்த நடையைப் படித்துவிட்டுப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன், உடனே தொடர முடியவில்லை. காவல்துறையிடம் யார் என்ன பதில் சொல்கிறார்கள் என்பதையும் எழுத்தெண்ணிக் கவனியுங்கள். ஹிகாஷினோ நம்மிடம் எங்கேயும் ஏமாற்று ஆட்டம் ஆடவில்லை. எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பிவைத்திருக்கிறார், நாம்தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இஷிகாமியே இதை ஒரு இடத்தில் வேறொரு பேச்சில் சொல்கிறார். பரீட்சைக்குக் கேள்வி தயாரிப்பது எப்படி என்ற பேச்சு அது. பார்த்தால் வடிவியல் கணக்குபோல் இருக்கும், உண்மையில் அது இயற்கணிதம். மாணவர்களின் குருட்டுப் புள்ளியைக் குறிவைப்பது, அவ்வளவுதான். இந்த இடம் வந்தபோது அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "முப்பது வருஷம் கேள்வித்தாள் எழுதியிருக்கிறேன். கஷ்டமான கணக்கில் பிள்ளைகள் தோற்பதில்லை. தெரிந்த கணக்கு என்று நினைத்து இறங்குவதில்தான் தோற்பார்கள்" என்றார். வழக்கம்போல கடைசிப் பக்கத்தை முதலிலேயே படித்திருந்தார். அது அவரைக் கொஞ்சமும் தடுக்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு மனிதன் ஏன் அப்படி நடந்துகொள்கிறான் என்பது புரிய வேண்டுமானால் முழு நாவலையும் படித்துத்தான் ஆக வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. இஷிகாமியின் பழைய நண்பராக வரும் இயற்பியல் பேராசிரியர் யுகாவா தேவைக்கு மேல் கெட்டிக்காரர். யசுகோவின் மனத்துக்குள் ஹிகாஷினோ இன்னும் கொஞ்சம் போயிருக்கலாம், பல இடங்களில் அவள் பிறர் முடிவெடுக்கக் காத்திருப்பவளாகவே நிற்கிறாள். நடுவில் விசாரணை மெதுவாக நகர்கிறது. 'கான் கேர்ல்' தரும் மின்சாரத்தை இதில் எதிர்பார்த்தால் முதல் நூறு பக்கத்தில் பொறுமை தேவைப்படும்.

சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' ஏன் இந்தப் போட்டியில் இல்லை என்று கேட்கலாம். அது மூடி முடிக்காத நாவல். நடப்பது அமானுஷ்யமா விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்த்தும் ஆளுக்கொரு பக்கம் நிற்க, சந்தேகத்தை நம் கையில் கொடுத்துவிட்டுப் போகிறது. முடிவு தெரிந்த பின் என்ன மிஞ்சுகிறது என்ற என் கேள்வி அதற்குப் பொருந்தாது. மூன்று தட்டுகளில் தமிழ் நாவல்களுக்கு ஒதுக்கிய தட்டில் அது பத்திரமாக இருக்கிறது. ரிப்ளி என்ற மோசடிக்காரனை வைத்து பாட்ரீஷியா ஹைஸ்மித் எழுதிய ஐந்து த்ரில்லர்களில் 1955-இல் வந்த முதல் நாவலை மட்டுமே படித்திருக்கிறேன். அதை வைத்து வரிசையில் இடம் சொல்வது நியாயமாகாது.

வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'சஸ்பெக்ட் எக்ஸ்' கதையைத் தழுவி வந்த படங்கள் எதையும் முன்னால் பார்க்காதீர்கள், பின்னட்டையையும் படிக்காதீர்கள். முடிவு தெரிந்தாலும் இது தாங்கும் என்று இவ்வளவு நேரம் சொன்னவர் இப்படிக் கேட்கலாமா என்றால், கேட்கலாம். தெரியாமல் படிக்கும் அந்த முதல் முறை ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். அதன் பிறகு மறுபடி முதல் பக்கத்துக்குப் போய் ஆற்றங்கரை நடையைப் படியுங்கள்.

'சைலண்ட் பேஷண்ட்'டைப் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம் கொடுத்தேன். இரண்டாம் நாளே திருப்பிக் கொண்டுவந்து, இதுபோல் இன்னொன்று வேண்டும் என்றாள். 'கான் கேர்ல்' இப்போது அவளிடம் இருக்கிறது. 'கேர்ள் ஆன் தி டிரெயின்' தினமும் ரயிலில் வேலைக்குப் போகும் நண்பரிடம் போயிற்று. 'ரெபெக்கா'வை அம்மா தன் கட்டிலருகே வைத்துக்கொண்டு தர மறுத்துவிட்டார்.