பிரான்சு செல்வோருக்கான வார இறுதி வகுப்பு: புதுச்சேரியிலிருந்து ஒரு மதிப்புரை

பிள்ளைகளைப் பார்க்கப் பிரான்சுக்குப் புறப்படும் பெற்றோருக்காகவும், அங்கே முதன்முறையாகச் சுற்றுலா செல்வோருக்காகவும் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டின் மாடியில் வார இறுதி வகுப்பு ஒன்று நடக்கிறது. சனி, ஞாயிறு இரு நாளும் காலை ஒன்பதரை மணி முதல் மாலை நான்கு மணி வரை நடக்கும் இவ்வகுப்புக்கு ஆளுக்கு 1,800 ரூபாய் கட்டணம். மதியச் சாப்பாடும் அச்சிட்ட கையேடு ஒன்றும் அதில் அடக்கம். பாரிஸ் புறநகரான சார்செலில் வசிக்கும் எங்கள் மகள் வீட்டுக்குப் போவதற்கு முன் நானும் என் மனைவியும் இதில் சேர்ந்தோம். போய்த் திரும்பிய பிறகு எழுதுவதால், வகுப்பறையில் கேட்கச் சுவையாக இருந்தது எது, அங்கே போய் இறங்கியதும் கைகொடுத்தது எது என்று பிரித்துச் சொல்ல முடிகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இது மொழி வகுப்பு அன்று. பிரெஞ்சு கற்க விரும்புவோருக்கு 1889 முதல் இயங்கிவரும் அலியான்ஸ் பிரான்சேஸ் நம் ஊரிலேயே இருக்கிறது. இங்கே சொல்லித்தருவது பழக்கவழக்கமும் நடைமுறையும்தான். அது புதுச்சேரிக்காரர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். காவலர் தலையில் கெப்பி என்னும் சிவப்புத் தொப்பியையும், தெருமுனையில் நீலப் பலகையில் ரூய் (தெரு) என்று தொடங்கும் பெயரையும், பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலையில் போர் நினைவிடத்து அஞ்சலியையும் பார்த்து வளர்ந்த நமக்குப் பிரான்சு ஏற்கெனவே தெரிந்த நாடு என்ற எண்ணம் உண்டு. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தா தாத்தாக்கள் திண்ணையில் சொன்ன பிரான்சும், இன்றைக்கு ரயிலேறி வேலைக்குப் போகும் பிரான்சும் வேறு வேறு. அந்த நினைப்பைக் கலைப்பதில் இந்த வகுப்பு முழு வெற்றி பெறுகிறது என்பதே என் கருத்து. ஆனால் முதல் நாள் காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்தியாவோடு இணைந்த 1954 நவம்பர் 1 முதல் 1962 ஆகஸ்ட் 16 வரையிலான வரலாற்றையும், அதன்பின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் கதையையும் விரிவாகச் சொன்னது தேவையற்றது. எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அந்தக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள்.

அதற்குப் பிறகு நடந்த பயிற்சிதான் கட்டணத்துக்கு ஈடு கொடுத்தது. ஆசிரியை ஒரு மேசையை ரொட்டிக் கடையின் கல்லாவாக வைத்துக்கொண்டு, அதன் பின்னால் நின்றார். ஒவ்வொருவராகக் கதவைத் திறந்து உள்ளே வந்து பகெத் என்னும் நீள ரொட்டி ஒன்றை வாங்க வேண்டும். முதலில் போனவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். நேராக மேசைக்கு வந்து, மனப்பாடம் செய்த வாக்கியத்தைப் பிழையின்றிச் சொல்லி ரொட்டி கேட்டார். ஆசிரியையோ காது கேளாதவர் போல மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் குரலை உயர்த்தி மறுபடியும் கேட்டார். அப்போதும் பதில் இல்லை. பின்வரிசையிலிருந்து யாரோ “பொன்ழூர் சொல்லுங்க சார்” என்று எடுத்துக்கொடுத்த பிறகுதான் ஆசிரியை நிமிர்ந்து பார்த்து, “பொன்ழூர் மிசே” என்று புன்னகைத்தார். கடைக்குள் நுழைந்ததும் வணக்கம் சொல்லாமல் தேவையைச் சொல்வது அங்கே விற்பவரை மதிக்காத செயல். வெளியேறும்போது மெர்சி என்னும் நன்றியும் ஒரு விடைபெறும் சொல்லும் கட்டாயம். பேருந்து ஓட்டுநர், மருந்துக் கடைக்காரர், மின்தூக்கியில் உடன் வருபவர் என எல்லோருக்கும் இதே முறைதான். பிரெஞ்சுக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள் என்று நம்மவர்கள் ஊர் திரும்பிச் சொல்லும் குறையில் பெரும்பகுதி இந்த ஒரு சொல்லை விட்டதால் வந்தது என்று ஆசிரியை சொன்னபோது மிகைப்படுத்துகிறார் என்றே நினைத்தேன். சார்செல் கடைத்தெருவில் அது மிகையாகத் தெரியவில்லை.

இரண்டாவது சிறப்பு, பெட்டியில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பது பற்றிய பாடம். இதை இவ்வளவு துல்லியமாக வேறு எங்கும் நான் கேட்டதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியையும் பால் பொருட்களையும் கொண்டுபோகக் கூடாது. ஆகவே மகளுக்காக வீட்டில் உருக்கிய நெய்யும், கோழி ஊறுகாயும், பன்னீரும் இங்கேயே தங்கிவிட வேண்டியவை. இதைக் கேட்டு அறையில் எழுந்த சலசலப்பு அடங்குவதற்குள், குருசுக்குப்பத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா எழுந்து, “அப்ப கருவாடும் கூடாதா மதாம்?” என்று கேட்டார். கூடும் என்பதுதான் விடை. மீன் வகைகளுக்குத் தனி விதி இருப்பதால், உலர்த்தியதோ பதப்படுத்தியதோ ஆளுக்கு 20 கிலோ வரை கொண்டுபோகலாம்; இறால் ஊறுகாய்க்கும் இதே சலுகை உண்டு. விமானத்தில் உடன் வருபவர்கள் சகித்துக்கொள்ளும் அளவுக்கு அதைக் கட்டுவது அவரவர் பொறுப்பு.

செடிகொடி வகைகளில் விதி இன்னும் விசித்திரமானது. 2019 டிசம்பர் 14 முதல், பசுமையான காய், கனி, இலை, பூ எதற்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விலக்குப் பெற்றவை அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சம்பழம் ஆகிய ஐந்தும்தான். எனவே மாம்பழப் பருவத்தில் பங்கனபள்ளியைப் பெட்டியில் அடுக்கக் கூடாது. கறிவேப்பிலைக் கொத்தைச் செய்தித்தாளில் சுற்றி வைப்பதும் கூடாது. ஆனால் தேங்காயும் வாழைப்பழமும் தாராளமாகப் போகலாம், அதாவது பூவும் வெற்றிலையும் நின்றுபோன தாம்பூலத் தட்டில் பாதி மட்டும் எல்லை கடக்கும். அரைத்த மசாலாப் பொடிகளுக்குத் தடையில்லை என்பதால் என் மனைவி சாம்பார்ப் பொடியோடு நிறுத்திக்கொண்டார். மிக்ஸி கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு குறிப்பும் கிடைத்தது: மின்னழுத்தம் அங்கேயும் 230 வோல்ட் என்பதால் மின்மாற்றி தேவையில்லை, ஆனால் நம் தடித்த மூன்று முள் பிளக் அந்தச் சுவர்த் துளையில் நுழையாது, அடாப்டர் வாங்கியே ஆக வேண்டும்.

சைவ உணவு பற்றிய பகுதியை ஆசிரியை நன்றாகத் தயாரித்திருந்தார். சைவம் என்று சொன்னால் மீனை விலக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றுவதில்லை; பச்சைக் காய்க் கலவையில் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் தூவப்பட்டிருக்கும்; வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாற்றில் கொதித்தது; கோம்தே போன்ற பாலாடைக்கட்டிகளுக்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளைச் சேர்க்கிறார்கள். ‘இறைச்சி, மீன், இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம்’ என்று பிரெஞ்சில் அச்சிட்டு உறையிட்ட சிறு அட்டை ஒன்று ஒவ்வொருவருக்கும் தரப்பட்டது. சைவக்காரரான என் மனைவி அந்தப் பயணம் முழுவதும் கடவுச்சீட்டுக்கு அடுத்தபடியாகப் பத்திரப்படுத்தியது அதைத்தான். மதிய உணவு பன்னிரண்டு மணி முதல் இரண்டு மணி வரைதான் கிடைக்கும், அதன்பின் பல உணவகங்களில் இரவு ஏழு மணி வரை அடுப்பு அணைந்திருக்கும். புட்டித் தண்ணீருக்குப் பணம் கொடுப்பதற்குப் பதில் ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும். பரிமாறும் கட்டணம் விலையிலேயே அடங்கிவிடுவதால் டிப்ஸ் கட்டாயமில்லை. இவையெல்லாம் சரியாகவே இருந்தன. இட்லிக்கு ஏங்குவோருக்கு, பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்துக்கும் லா ஷப்பேலுக்கும் இடைப்பட்ட தெருவைச் சொன்னார்கள். ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த அந்தத் தெருவில் சேமியா முதல் செம்பருத்தி எண்ணெய் வரை கிடைக்கிறது. மாணிக்க விநாயகர் ஆலயமும் நடந்து போகும் தொலைவில்தான். நான் போய்ப் பார்த்த பிறகு, பெட்டியின் பாதி எடையை இங்கேயே விட்டுவந்திருக்கலாம் என்று பட்டது.

நன்றாக அமையாதவற்றில் முதலாவது கையேடு. அதில் பாரிஸ் மெட்ரோவுக்குப் பழைய அட்டைச் சீட்டின் படமும், தூரத்துக்கேற்ப மாறும் புறநகர் ரயில் கட்டணப் பட்டியலும் அச்சாகியிருந்தன. 2025 ஜனவரி 1 முதல் அந்த முறையே மாறிவிட்டது. மெட்ரோவானாலும் புறநகர் ரயிலானாலும் பாரிஸ் வட்டாரம் முழுவதற்கும் ஒரே பயணச் சீட்டு 2.50 யூரோ, விமான நிலையத்துக்கு மட்டும் தனிச் சீட்டு 13 யூரோ என்று அன்று நிர்ணயித்தார்கள். ஆண்டுதோறும் ஜனவரியில் இது திருத்தப்படக்கூடியது. சீட்டுகளை நவிகோ ஈஸி என்னும் அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரே அட்டையைக் காட்டிக் கணவனும் மனைவியும் சேர்ந்து போக முடியாது. கையேட்டை நம்பிச் செலவுக் கணக்குப் போடுகிறவருக்கு இதெல்லாம் நிலையத்துக்குள் நிற்கும்போதுதான் தெரியவரும். பணம் வாங்கிக்கொண்டு தரும் கையேட்டை ஆண்டுக்கு ஒருமுறையாவது திருத்தி அச்சிட வேண்டும்.

விசா பற்றிய பகுதியை அரை மணி நேரத்தில் ஓட்டிவிட்டார்கள். 180 நாட்களில் 90 நாட்கள் தங்கலாம், காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், கடவுச்சீட்டு திரும்பும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், கட்டணம் 90 யூரோ என்பதெல்லாம் எந்தப் பயண முகவரும் சொல்லக்கூடியவை. உறவினர் வீட்டில் தங்கப் போகிறவர்களுக்கு உண்மையில் சிக்கல் தருவது வரவேற்புச் சான்று. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற மாமா வெள்ளைத் தாளில் கடிதம் எழுதி அனுப்பினால் போதும் என்ற நம்பிக்கை நம் ஊரில் இன்றும் இருக்கிறது. அது போதாது. விருந்தளிப்பவர் தம் ஊர் மேரிக்கு, அதாவது நகர மன்ற அலுவலகத்துக்கு, வீட்டுப் பத்திரத்தோடும் வருமானச் சான்றோடும் நேரில் போய் அந்தச் சான்றைப் பெற்று, அதன் மூலத்தை நமக்கு அனுப்ப வேண்டும். வாரக்கணக்கில் ஆகக்கூடிய இந்த வேலையை விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே தொடங்கச் சொல்லியிருக்க வேண்டும். எங்களோடு இருந்த ஒரு தம்பதி இதைக் கேட்டுத் திடுக்கிட்டு, மதியச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு மகனுக்குத் தொலைபேசியில் பேசப் போனார்கள். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாகத் தொடங்கிய எல்லைப் பதிவு முறையில் கைரேகையும் முகப்படமும் எடுப்பார்கள், அதனால் வரிசை நீளும் என்று சொன்னது மட்டும் பயனுள்ளதாக இருந்தது.

குடியிருப்பு வாழ்க்கை பற்றி இரண்டாம் நாள் பேசியவை சிறியவை என்றாலும் நேரடியானவை. இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது; ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்; முன்கூட்டிச் சொல்லாமல் யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது; பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாயன்றும் ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்களன்றும் விடுமுறை. பூங்காவிலும் பேருந்து நிழற்குடையிலும் புகைபிடிப்பது 2025 ஜூன் 29 முதல் தடை செய்யப்பட்டு, அபராதத்துக்கு உரியதாகிவிட்டது. மகளின் பக்கத்து வீட்டுக்காரர் விருந்துக்கு அழைத்தால் என்ன பூ கொண்டுபோவது என்ற கேள்விக்கு, எதை வேண்டுமானாலும் கொடுங்கள், சாமந்தியைத் தவிர என்று ஆசிரியை சொன்னார். நாம் பூஜைக்கும் மாலைக்கும் கூடைகூடையாக வாங்கும் சாமந்தியை அங்கே நவம்பர் தொடக்கத்தில் கல்லறைகளில்தான் வைப்பார்கள். கல்லறைத் திருநாள் கொண்டாடும் குடும்பத்தார் உடனே தலையசைத்தார்கள், மற்றவர்கள் குறித்துக்கொண்டார்கள். கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது என்பதையும், அதற்கு ஒரு சிறு குவளையே தீர்வு என்பதையும் கூச்சமில்லாமல் சொன்ன ஆசிரியையைப் பாராட்டத்தான் வேண்டும்.

இந்த வகுப்பின் பெரிய குறை மருத்துவம். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு 112 என்ற பொது அவசர எண்ணை மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துபோனது முறையன்று. மருத்துவ அவசரத்துக்கு 15, தீயணைப்புக்கு 18, காவலுக்கு 17 என்பதையும், பச்சைச் சிலுவை ஒளிரும் மருந்துக் கடையில் மருந்தாளரிடமே சிறு உபாதைகளுக்கு ஆலோசனை கேட்கலாம் என்பதையும், பொது மருத்துவரைப் பார்க்க 2024 டிசம்பர் முதல் 30 யூரோ என்பதையும் என் மகள்தான் சொன்னார். மாத்திரைகளை அட்டைப் பெட்டியோடும், மூலப்பெயர் எழுதிய மருந்துச் சீட்டோடும் கொண்டுபோக வேண்டும் என்பதையாவது வகுப்பில் சொல்லியிருக்கலாம். இந்திய வணிகப் பெயரை அங்குள்ள மருந்தாளர் அடையாளம் காண்பது கடினம்.

அறை இருபது பேருக்கு ஏற்றது. நாங்கள் போனபோது அதைவிடக் கூடுதலாக இருந்தோம். பின்வரிசைக்குத் திரை தெரியவில்லை, மாடி ஏறுவது முழங்கால் வலிக்காரர்களுக்குச் சிரமம். சாப்பாடு நன்றாக இருந்தது. பிரான்சில் ஏற்கெனவே தங்கியவர்களுக்கும், குழுச் சுற்றுலாவில் பேருந்தை விட்டு அதிகம் இறங்காதவர்களுக்கும் இந்தச் செலவு வேண்டாம் என்பேன். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு பகல் முழுவதும் தனியாகக் கடைக்கும் பூங்காவுக்கும் போய்வர வேண்டிய பெற்றோர் தாராளமாகச் சேரலாம். இடம் உறுதி செய்யும்போதே கையேடு எந்த ஆண்டு அச்சானது என்று கேட்டுவிடுங்கள். கோடை விடுமுறைக்கு முந்தைய மாதங்களில் கூட்டம் அதிகம் என்பதால், முடிந்தால் பொங்கலுக்குப் பிறகு நடக்கும் வகுப்பில் சேர்வது நல்லது.