78 தட்டா, சிடி மறுபதிப்பா?

கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட், 1923 ஏப்ரலில் இண்டியானா மாநிலத்து ரிச்மண்டில் ஜெனட் இசைத்தட்டு கம்பெனிக்காகப் பதிந்த இசையை எதில் கேட்பது? அசல் 78 தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய அரக்கு இசைத்தட்டு) கையில் இருப்பதே தனி சுகம். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து திருப்பிப் போடுவது உட்பட. ஆனால் அரக்குத் தட்டு கீழே விழுந்தால் அவ்வளவுதான். பிற்கால எல்பி தட்டுக்கான ஊசி ஆகாது, அகலமான ஊசி வேண்டும். பழைய எஃகு ஊசிகள் தேய்த்த தட்டென்றால் இரைச்சல்தான் மிச்சம்.

நல்ல சிடியில் ஆலிவரையும், இரண்டாம் கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) வாசிக்கும் இளம் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கையும் ஓரளவு பிரித்தறியலாம். (மைக் இல்லாமல் கூம்புக்குழாயில் பதிந்தது, டிரம்ஸை இரண்டிலும் எதிர்பார்க்காதீர்கள்.) இரைச்சலை ஒரேயடியாக வழித்தெடுத்த பதிப்புகள் மட்டும் வேண்டாம், கார்னெட்டின் பளிச்சும் கூடவே போய்விடும். கேட்க எனக்கு சிடி. 78? ஒன்றே ஒன்று, ஆசைக்கு.