இடது கால் வீடியோவை நம்பி 38,000 ரூபாய் அனுப்பினோம்: மதுரைக் கால்பந்து அணிகள் கவனிக்கவும்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கால்பந்து அணி நடத்துகிறவர்கள் இதைப் படித்துவிட்டு உங்கள் பொருளாளரிடமும் காட்டுங்கள். "வெளியூர் ஆட்டக்காரர்களை ஏற்பாடு செய்து தருகிறேன்" என்று ஒருவன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறான். நாங்கள் அவனுக்கு அனுப்பியது 38,000 ரூபாய். நான்கு பேர் வர வேண்டியது. வந்தவர்கள் இரண்டு பேர். அந்த இரண்டு பேர் எப்படி வந்தார்கள் என்பதைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்புகூட வரலாம். எங்களுக்கு இன்னும் வரவில்லை.

முதலில் எங்கள் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். அரசரடிப் பக்கம் பல வருடங்களாக ஆடிக்கொண்டிருக்கும் அணி எங்களுடையது. மேலூருக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் கோடையில் மூன்று நாள் நாக்-அவுட் போட்டி. பதினொருவர் ஆட்டம். பட்டியலில் 18 பெயர் எழுதலாம், அதில் வெளியூர்க்காரர் நான்கு பேர் வரை. மார்ச் மாதம் நோட்டை விரித்து உட்கார்ந்தோம். பன்னிரண்டாவது பெயரோடு பேனா நின்றுவிட்டது. போன வருடம் ஆடியவர்களில் இருவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். ஒருவன் காவலர் பயிற்சியில் இருக்கிறான். ஒருவன் துபாயில். இடது ஓரத்தில் தடுத்து ஆடும் லெஃப்ட் பேக் இடத்தில் ஆடியவனுக்குக் கல்யாணமாகிவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை என்றால் மாமனார் வீடு. நடுவில் நின்று தடுக்கும் ஸ்டாப்பருக்கு வயது 38. பந்தைத் தலையால் முட்டிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். கீப்பர் ஒரே ஒருவன். அவனுக்கும் வெள்ளிக்கிழமை பாலிடெக்னிக் அரியர் தேர்வு.

இத்தனைக்கும் சனிக்கிழமை இரவு எங்கள் தெரு டீக்கடைக்கு வந்து பாருங்கள். மான்செஸ்டர் யுனைடெட்டின் ஆள் எடுக்கும் குழுவை நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள். 2022இல் ஆண்டனிக்கு 95 மில்லியன் யூரோ கொடுத்தவன் யார்? 2013இல் ஃபெல்லைனியை ஜூலை முடிவதற்குள் எடுத்திருந்தால் 23.5 மில்லியன் பவுண்டு என்று ஒப்பந்தத்திலேயே விலை இருந்தது. கடைசி நாள் வரை உட்கார்ந்திருந்து 27.5 கொடுத்தார்களே, அந்த நான்கு மில்லியன் யார் வீட்டுப் பணம்? பெரிய பெரிய விலைக்கு வாங்குகிறார்கள், ஒருவனுக்குக் காலில் அடிபட்டால் பெஞ்சைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. இப்படிப் போகும் பேச்சு. நானும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ஆமாம் போட்டவன்தான். எங்கள் அணிக்கு லெஃப்ட் பேக் யார் என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை.

அந்த நேரத்தில்தான் அந்த அழைப்பு வந்தது. போட்டி நோட்டீசைப் பகிரும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என் எண்ணை எடுத்திருக்கிறான். மரியாதையான குரல். வாய்க்கு வாய் அண்ணே. அவன் கேட்ட முதல் கேள்வி: "பட்டியல் என்றைக்கு முடிகிறது, அண்ணே?" இரண்டாவது: "எத்தனை பேர் குறைகிறது?" நான் இரண்டுக்கும் ஒளிக்காமல் பதில் சொன்னேன். புதன்கிழமை மாலை முடிகிறது, நான்கு பேராவது வேண்டும் என்றேன். எந்த இடத்துக்கு ஆள் வேண்டும் என்று அவன் கேட்கவே இல்லை. பேக்கா, ஹாஃபா, ஃபார்வர்டா? ஆட்டக்காரரை உண்மையாகக் கொண்டுவருகிறவன் அதைத்தான் முதலில் கேட்பான். இவன் எங்கள் அவசரம் எவ்வளவு என்று மட்டும் அளந்து பார்த்தான். இந்த ஒன்றை அன்றே கவனித்திருந்தால் இந்தப் பதிவை எழுத வேண்டியிருந்திருக்காது.

மலப்புறத்து எழுவர் போட்டிகளில் ஆடுகிறவர்கள் என்றான். நம்பும்படிதான் இருந்தது. அங்கே மழை இல்லாத மாதங்களில் ஊருக்கு ஊர் தற்காலிக கேலரி கட்டி, விளக்கு போட்டு, டிக்கெட் விற்று எழுவர் போட்டி நடத்துவதும், ஆப்பிரிக்காவிலிருந்தெல்லாம் ஆட்டக்காரர்கள் வந்து சம்பளத்துக்கு ஆடுவதும் நாடறிந்த விஷயம். எங்கள் கோச் மட்டும் முகத்தைச் சுளித்தார். வாத்தியார் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம், வயது அறுபதுக்கு மேல். "சின்ன மைதானத்தில் ஏழு பேரோடு ஓடுகிறவன், பெரிய மைதானத்தில் எழுபது நிமிடம் ஓடுவானா? கூப்பிட்டு ஒருநாள் பந்து போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதே, தம்பி" என்றார். வாத்தியாருக்கு வயதாகிவிட்டது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

வீடியோ வந்தது. நாற்பது வினாடி. பச்சைச் சட்டை போட்ட ஒருவன் வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி, இடது காலால் வளைத்து அடிக்கிறான். பந்து மூலையில் போய் விழுகிறது. மூன்று கோல், மூன்றும் இடது கால். முகம் தெரியாத தூரம், மலையாள வர்ணனை, கம்பத்துக்குப் பின்னால் ஒரு மஞ்சள் தண்ணீர்த் தொட்டி. பையன்கள் அதை இருபது தடவை பார்த்தார்கள். கூடவே பீஃபா (உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு) முகவர் என்று ஆங்கிலத்தில் அச்சடித்து லேமினேட் செய்த அட்டை ஒன்றின் படமும் வந்தது.

அந்த அட்டையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பீஃபா 2015இல் கைவிட்ட உரிம முறையை 2023இல் திரும்பக் கொண்டுவந்தது. இப்போது முகவராக வேண்டுமென்றால் தேர்வு எழுதித் தேற வேண்டும். உரிமம் தனிமனிதருக்குத்தான், நிறுவனத்துக்கு இல்லை. உரிமம் பெற்றவர்களின் பெயர்களை பீஃபாவின் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை. நாங்கள் அதைச் செய்தது பணம் போய்ப் பத்து நாள் கழித்து. அந்தப் பெயர் அங்கே இல்லை.

ஆளுக்கு 9,000, நான்கு பேருக்கு 36,000, பயணச் செலவு 6,000 என்று பேச்சு முடிந்தது. தெருவில் வசூல் செய்தோம். திருவிழாக் கமிட்டி மிச்சப் பணத்தைக் கொடுத்தது, ஜிகர்தண்டா கடைக்காரர் ஒருவர் 5,000 தந்தார். முதலில் 15,000 முன்பணம் அனுப்பினோம். பிறகு, வேறு மாநிலத்து ஆட்டக்காரர் என்பதால் தடையில்லாச் சான்று வேண்டும், அதற்கு 12,000 என்றான். வட்ட முத்திரை குத்திய ஒரு தாளும் அனுப்பினான். இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பில் பதிவுபெற்ற ஆட்டக்காரர் அணி மாறுவதெல்லாம் இணையவழிப் பதிவில் நடக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் முத்திரைத் தாளுக்கு அங்கே வேலை இல்லை. அதுவும் எங்களுடையது ஊர்ப் போட்டி, யாரும் எந்தச் சான்றும் கேட்கவில்லை! கேட்காத சான்றுக்கு 12,000 கொடுத்த புத்திசாலிகள் நாங்கள். வியாழக்கிழமை மாலை, "பசங்கள் பஸ் ஏறப்போகிறார்கள், மிச்சத்தை அனுப்பினால்தான் ஏறுவார்கள்" என்றான். இன்னொரு 11,000 போனது.

அவன் கொடுத்த நான்கு பெயர்களையும் சேர்த்துப் பட்டியலைப் புதன்கிழமையே கொடுத்திருந்தோம். மொத்தம் பதினாறு. இரண்டு இடம் காலியாகவே போனது. தினமும் சாயங்காலம் பந்து பொறுக்கிப்போட வரும் பதினொன்றாம் வகுப்புப் பையன்கள் இருவர் இருக்கிறார்கள், மழையென்றாலும் வந்துவிடுவார்கள். அவர்கள் பெயரை எழுதலாமா என்று வாத்தியார் கேட்டார். மலப்புறத்துக்காரர்கள் நால்வர் வரும்போது இவர்கள் எதற்கு என்று சொன்னவன் நான்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு ஆரப்பாளையம் பஸ் நிலையம். கோயம்புத்தூர் பஸ் ஒன்றிலிருந்து முப்பது வயது தாண்டிய ஒருவர் இறங்கினார், பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். திண்டுக்கல் பஸ்ஸிலிருந்து ஒரு பையன் இறங்கினான், பத்தொன்பது வயது இருக்கும். மற்ற இருவரும் அடுத்த பஸ்ஸில் வருவதாகத் தரகன் தொலைபேசியில் சொன்னான். ஆறு மணிவரை நின்றோம். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அந்தப் பையனிடம் எந்த ஊர் என்று கேட்டேன். பதில் சுத்தமான தமிழில் வந்தது: "நத்தம் பக்கம், அண்ணே." மலப்புறம் என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள், அவனுக்குப் பொய் வரவில்லை. நத்தத்திலிருந்து நேராகவே மேலூர் வந்திருக்கலாம். அவனைத் திண்டுக்கல்லுக்கு வரவழைத்து, ராத்திரி பஸ்ஸில் ஏற்றி, ஏதோ கேரளத்திலிருந்து வருகிறவனைப்போல மதுரையில் இறக்கியிருக்கிறான் அந்த மகராசன். நாளைக்கு 1,500 தருவதாகப் பேச்சாம். பையன் கையில் வந்தது ஒன்றுமில்லை, பஸ் டிக்கெட்கூடச் சொந்தக் காசு.

மைதானத்தில் ஆதார் அட்டையைப் பார்த்தார்கள். பாலக்காட்டுக்காரரின் பெயர் பட்டியலில் இருந்தது. நத்தம் பையனின் பெயர் இல்லை. அவன் பெயர் என்று எங்களுக்குக் கொடுக்கப்பட்டது வேறு யாருடையதோ. நடத்துகிறவர்கள் அவனை ஆடவிட மறுத்தார்கள். அவர்கள் மேல் தவறில்லை, விதி விதிதான். ஆக, பதினாறு பெயரில் மூன்று வெறும் காற்று.

பயிற்சிக்குப் பந்தை உருட்டினோம். பாலக்காட்டுக்காரர் அடித்தார். வலது கால். இன்னொரு பந்து, அதுவும் வலது கால். வாத்தியார் கயிற்றோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வீடியோவில் இடது காலால் அடித்தான், தம்பி. இவர் இடது காலை ஊன்றுவதற்கு மட்டும்தான் வைத்திருக்கிறார்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

வெள்ளி இரவு முதல் ஆட்டத்தில் 1-0 என்று எப்படியோ ஜெயித்தோம். கீப்பர் தேர்வு எழுதிவிட்டு நேராக வந்து நின்றான், அவன் புண்ணியம். சனிக்கிழமை பாக்கி எல்லாம் வெளியே வந்தது. முதல் பாதியில் ஹாஃப் ஆடியவனுக்குக் கணுக்கால் பிசகி, பன்னிரண்டாவது ஆள் உள்ளே போனான். இரண்டாம் பாதியில் ஸ்டாப்பர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பாலக்காட்டுக்காரர் இறங்கினார். ஏழே நிமிடம். ஓடித் திரும்பியவர் அப்படியே குனிந்து முழங்காலைப் பிடித்தார். ஸ்டாக்கிங்ஸை இறக்கினால் உள்ளே இரண்டு சுற்றுக் கிரேப் பேண்டேஜ், ஓரமெல்லாம் அழுக்கேறிக் கறுத்து, தைலவாடை. எத்தனை மாதமாகக் கட்டியிருக்கிறாரோ! "ஐந்து நிமிடம் நின்றால் போதும் என்று தரகர் சொன்னார்" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. பத்துப் பேரானோம். அந்த ஆத்திரத்தில் எங்கள் கேப்டன் நடுவரிடம் கத்திச் சிவப்பு அட்டை வாங்கினான். ஒன்பது. ஏழு பேருக்குக் கீழே போனால் ஆட்டத்தைத் தொடரக் கூடாது என்பது கால்பந்து விதி. வாத்தியார் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். 0-4. அந்தப் பள்ளிக்கூடப் பையன்கள் இருவரும் கயிற்றுக்கு வெளியே பூட்ஸ் மாட்டிக்கொண்டே நின்றிருந்தார்கள். பெயர் எழுதவில்லை என்பதை அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

திரும்பும் வேனில் டீக்கடைக் கோஷ்டி எனக்கு ஆறுதல் சொன்னது. 1996 நவம்பரில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் அணிக்கே இது நடந்திருக்கிறதாம். உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஜார்ஜ் வியாவின் பெயரைச் சொல்லி, என் உறவுக்காரன் ஒருவன் இருக்கிறான் என்று மேலாளர் கிரேம் சூனஸுக்கு ஓர் அழைப்பு. பேசியது வியா இல்லை. அலி டியா என்ற அந்த ஆளை ஒரு மாத ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். லீட்ஸோடு நடந்த ஆட்டத்தில் நட்சத்திரம் லெ டிசியே அடிபட்டு வெளியேற, டியா மாற்று ஆளாக இறங்கினார். ஆட்டம் முடிவதற்குள் அவரையே மாற்றி வெளியே எடுத்தார்கள். அந்தச் சமயம் சூனஸுக்கும் அடிபட்டவர்கள் அதிகம், ஆள் பஞ்சம். 2010இல் யுனைடெட் ஏழு மில்லியன் பவுண்டுக்கு மேல் கொடுத்து பெபே என்ற ஆட்டக்காரரை வாங்கியபோது, அவர் ஆடி நான் பார்த்ததே இல்லை என்று மேலாளர் ஃபெர்குசனே ஒப்புக்கொண்டார். நாங்களாவது நாற்பது வினாடி பார்த்தோம் என்றான் ஒருவன். வேனில் எல்லோரும் சிரித்தார்கள். வசூல் நோட்டு என் மடியில் இருந்தது.

அந்தத் தரகன் ஞாயிற்றுக்கிழமை வரை தொலைபேசியை எடுத்தான். பஸ் தவறிவிட்டது, காய்ச்சல், பாட்டி இறந்துவிட்டார், ஒவ்வொரு தடவையும் ஒரு கதை. திங்கட்கிழமை எண் அணைந்துவிட்டது. வெட்கத்தில் ஒன்பது நாள் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டுத்தான் 1930க்கு அழைத்தேன். நாடு முழுவதற்குமான இணையவழிப் பணமோசடிப் புகார் எண் அது. பணம் போன உடனே அழைத்திருந்தால் அந்தக் கணக்கிலேயே முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. ஒன்பது நாள் கழித்து அதில் என்ன இருக்கும்? புகார் பதிவாகியிருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் வெட்கத்தை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் அழையுங்கள்.

பாலக்காட்டுக்காரருக்கு ஊர் போகக் காசு கொடுத்து அனுப்பினோம். அவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் அந்தப் பேண்டேஜைப் பார்த்த பிறகு கத்த முடியவில்லை. நத்தம் பையன் ஒரு நாள் எங்களோடு தங்கிப் பந்து ஆடிவிட்டுப் போனான். நல்ல லெஃப்ட் பேக். அடுத்த போட்டிக்கு அவன் சொந்தப் பெயரில் பதின்மூன்றாவதாக எழுதியிருக்கிறோம். பதினான்கும் பதினைந்தும் அந்தப் பள்ளிக்கூடப் பையன்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்து அணி ஒன்றுக்கும் இதே வீடியோ போயிருக்கிறது. அவர்கள் 10,000 அனுப்பியபின் சுதாரித்துக்கொண்டார்கள். எண்ணையும் பெயரையும் மாற்றிக்கொண்டே இருக்கிறான், அதனால் அவற்றை இங்கே எழுதிப் பயனில்லை. வீடியோ மட்டும் மாறவில்லை. பச்சைச் சட்டை, இடது கால், பதினான்காவது வினாடியில் கோல் கம்பத்துக்குப் பின்னால் மூடி உடைந்த மஞ்சள் தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டியைப் பார்த்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.