விற்பதா, விலகுவதா, சொல்லிவிட்டு இருப்பதா? அதிகாரியின் கையில் மருந்துக் கம்பெனிப் பங்கு

மருந்துக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரியே மருந்துக் கம்பெனியின் பங்கை வைத்திருந்தால் என்ன செய்வது? உலகம் இதற்கு முக்கியமாக மூன்று வழிகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. பங்கு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடரலாம். அந்தக் கம்பெனியின் கோப்பு வரும்போது மட்டும் ஒதுங்கிக்கொள்ளலாம். அல்லது பங்கை விற்றுத் தலைமுழுகிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார வேண்டும். நாலாவதாக ஒன்று உண்டு. அதைச் செய்து காட்டியது நம் மாநிலம்தான். அதைக் கடைசியில் பார்ப்போம்.

இந்த ஒப்பீட்டை நான் குமரி மாவட்டத்தில் உட்கார்ந்து செய்கிறேன். வாஷிங்டனில் ஆதாயம் என்றால் பங்குச் சந்தை. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஷேர் வைத்திருப்பவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஊர் வாயில் அடிபடுவது வேறு மாதிரி: மனைவி பெயரில் மெடிக்கல் ஸ்டோர், மச்சான் பெயரில் மொத்த ஏஜென்சி, தம்பி ஏதோ கம்பெனியில் ஏரியா மேனேஜர். ஆகவே ஒவ்வொரு வழியையும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும். அது பங்கைப் பிடிக்குமா? மச்சானைப் பிடிக்குமா?

சொல்லிவிட்டு இருப்பது

மூன்றில் மலிவானது இது. யாரும் எதையும் இழக்க வேண்டாம், படிவம் நிரப்பினால் போதும். அரசாங்கங்களுக்கு மிகவும் பிடித்த வழியும் இதுதான். அமெரிக்காவில் 2012-ல் வந்த ஸ்டாக் சட்டப்படி, நாடாளுமன்ற உறுப்பினர்களும் உயர் அதிகாரிகளும் 1,000 டாலருக்கு மேல் பங்கு வாங்கினாலோ விற்றாலோ அதிகபட்சம் 45 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். தாமதித்தால் அபராதம் 200 டாலர். லட்சக்கணக்கான டாலரைப் புரட்டும் ஒருவருக்கு இது வடசேரி பஸ் ஸ்டாண்டில் பைக் நிறுத்தும் டோக்கன் காசு.

கிறிஸ் காலின்ஸ் கதை இந்த வழியின் பலவீனத்தை நன்றாகவே காட்டுகிறது. நியூயார்க்கைச் சேர்ந்த எம்.பி. இன்னேட் இம்யூனோதெரப்யூட்டிக்ஸ் என்ற ஆஸ்திரேலிய மருந்துக் கம்பெனியின் இயக்குநர் குழுவில் இருந்தார், பெரிய பங்குதாரரும் அவர்தான். இதில் எதுவும் ரகசியமில்லை. எல்லாம் எழுதிக் கொடுத்ததுதான். 2017 ஜூனில் அந்தக் கம்பெனியின் மருந்துச் சோதனை தோற்றது என்ற செய்தி, ஊருக்குத் தெரியும் முன் அவருக்கு வந்தது. அப்போது வெள்ளை மாளிகைப் புல்வெளியில் ஒரு விருந்தில் இருந்தார். அங்கிருந்தே மகனுக்குப் போன் போட்டார். மகன் விற்றார். 2019-ல் காலின்ஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2020 ஜனவரியில் 26 மாதச் சிறை விதிக்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அதிபர் டிரம்ப் மன்னிப்பும் கொடுத்துவிட்டார். தன்னிடம் பங்கு இருப்பதை அவர் ஊருக்கே சொல்லியிருந்தார். அது எதையும் தடுக்கவில்லை.

நம் நாட்டில் சொல்வதும் அரைகுறை. ஐஏஎஸ் அதிகாரியின் அசையாச் சொத்துக் கணக்கு இணையத்தில் கிடைக்கிறது. எந்த ஊரில் எத்தனை சென்ட் நிலம் என்று பார்க்கலாம். பங்கு அப்படியில்லை. ஒரு ஆண்டில் செய்யும் பங்கு வர்த்தகம் ஆறு மாத அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டினால் மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது 2019 முதல் மத்திய அரசின் விதி. அறிவித்தது கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்றால், அரசு ஊழியரின் சொத்து விவரம் தனிப்பட்ட தகவல், பெரிய பொதுநலன் இருந்தாலொழிய தர வேண்டியதில்லை என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதவை இன்னும் இறுக்கியது. நிலம்தான் பழைய கால லஞ்சத்தின் உருவம் என்று யாரோ முடிவு செய்து, அதோடு நிறுத்திவிட்டார்கள் போலும்.

ஒரு இடத்தில் மட்டும் இந்த வழி நன்றாக வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எந்தக் கம்பெனி எந்த டாக்டருக்கு எவ்வளவு கொடுத்தது என்பதை 2014 முதல் அமெரிக்கா பெயர் போட்டு இணையத்தில் வெளியிடுகிறது. நோயாளியே தன் டாக்டரின் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். படிவம் அலமாரிக்குப் போகாமல் பாதிக்கப்படுபவர் கண்ணுக்கு வந்தால், சொல்வதற்குப் பலன் உண்டு.

மச்சானைப் பிடிக்குமா? ஓரளவு. மத்திய அரசின் 1964 நடத்தை விதிகளில், குடும்பத்தார் வியாபாரம் செய்தால் அதைத் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. தமிழ்நாட்டின் 1973 விதிகளும் கிட்டத்தட்ட அதே தடத்தில்தான் போகின்றன. தெரிவித்த பிறகு என்ன என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் ஒன்றுமில்லை.

ஒதுங்கிக்கொள்வது

காகிதத்தில் இது நியாயமான வழியாகத் தெரியும். பங்கையும் வைத்துக்கொள், வேலையையும் செய், மோதும் இடத்தில் மட்டும் தள்ளி நில். அமெரிக்கக் குற்றவியல் சட்டத்தின் 208-ம் பிரிவு இதைக் கடுமையாகவே சொல்கிறது. தனக்கோ, கணவன் அல்லது மனைவிக்கோ, மைனர் பிள்ளைக்கோ பண ஆதாயம் உள்ள விஷயத்தில் அதிகாரி கை வைத்தால் அது குற்றம். வேண்டுமென்றே செய்தால் 5 ஆண்டு வரை சிறை. சின்ன முதலீடுகளுக்கு விலக்கு உண்டு: கம்பெனி நேரடியாகச் சம்பந்தப்பட்ட கோப்பு என்றால் 15,000 டாலர் வரையிலான சந்தைப் பங்கைப் பொருட்படுத்துவதில்லை.

ஆனால் மேலே போகப் போக இந்த வழி உளுத்துப்போகிறது. பிரெண்டா ஃபிட்ஸ்ஜெரால்ட் 2017 ஜூலையில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தலைவரானார். உடனே விற்க முடியாத சில முதலீடுகள் இருந்ததால் புற்றுநோய், ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து) போதை சம்பந்தப்பட்ட சில விஷயங்களிலிருந்து ஒதுங்கினார். அந்த நேரம் அமெரிக்காவின் தலைபோகிற பிரச்சினையே ஓபியாய்டுதான். நாடாளுமன்றக் குழு முன்னால் அவரால் வந்து பேச முடியவில்லை, வேறொருவரை அனுப்ப வேண்டியிருந்தது. பதவிக்கு வந்த பிறகு புகையிலைக் கம்பெனிப் பங்கே அவர் பெயரில் வாங்கப்பட்டது என்று பத்திரிகையில் வந்த மறுநாள், 2018 ஜனவரி 31-ல் ராஜினாமா. வேலையில் பாதியைத் தொட முடியாதவருக்கு எதற்கு அந்த வேலை?

கோவிட் காலத்தில் பிரிட்டன் அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர் பேட்ரிக் வாலன்ஸிடம், தான் முன்பு வேலை பார்த்த ஜிஎஸ்கே மருந்துக் கம்பெனியின் சுமார் 6 லட்சம் பவுண்டு பங்கு இருந்தது 2020 செப்டம்பரில் வெளிவந்தது. தடுப்பூசி வாங்கும் வணிக முடிவுகளில் அவருக்கு வேலையில்லை என்றது அரசு. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மக்களுக்கு அதை எப்படிக் காட்டுவது? அதே ஆண்டு அமெரிக்காவின் தடுப்பூசித் திட்டத்துக்குத் தலைமை ஏற்ற மோன்செஃப் ஸ்லாவி இன்னும் ஒரு படி மேலே போனார். மாடர்னா பங்கை விற்றார், ஜிஎஸ்கே பங்கை வைத்துக்கொண்டார். அரசு ஊழியராக அல்லாமல் ஒப்பந்தக்காரராக நியமிக்கப்பட்டதால் அந்த விதிகளே அவரைத் தொடவில்லை. அந்தத் திட்டத்தின் பெரும் பணம் போன கூட்டணிகளில் சனோஃபி–ஜிஎஸ்கே கூட்டணியும் ஒன்று.

குமரியில் சிக்கல் வேறு. இது சின்ன மாவட்டம். கல்யாண வீட்டுப் பந்தலில் உட்கார்ந்தால் பாதி அலுவலகம் அங்கேதான் இருக்கும். டிரக் இன்ஸ்பெக்டர், அதாவது மருந்து ஆய்வாளர் ஒருவர் தன் உறவினரின் கடை லைசென்ஸ் கோப்பிலிருந்து ஒதுங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோப்பு எங்கே போகும்? பக்கத்து மேஜைக்கு. பக்கத்து மேஜைக்காரருக்கு அது யாருக்க கடை என்று தெரியாதா? “சாருக்க மச்சானுக்க கடையாக்கும், பாத்து செய்யணும் கேட்டியளா” என்று ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தைகூடத் தேவைப்படாது. ஒதுங்கியவர் அதே அறையில் டீ குடித்துக்கொண்டிருப்பதே போதும்.

விற்றுவிடுவது

நான் சாய்வது இந்தப் பக்கம். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏ இதைத்தான் செய்கிறது. சொத்துக் கணக்கு கொடுக்க வேண்டிய நிலையில் உள்ள அதன் ஊழியர்கள், தங்கள் துறை பெரிதும் கட்டுப்படுத்தும் கம்பெனிகளின் பங்கை வைத்திருக்கக் கூடாது. கணவன் அல்லது மனைவி, மைனர் பிள்ளைகளுக்கும் அதே விதி. பல துறைகளில் பரவலாகப் போடும் மியூச்சுவல் ஃபண்டுக்குத் தடையில்லை. பதவிக்காக விற்க நேர்ந்தால், முறையாகச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு மூலதன ஆதாய வரியைத் தள்ளிப்போடும் சலுகையும் உண்டு. ஆகவே விற்கச் சொல்வது கொடுமை என்ற வாதம் நிற்காது.

ஆனால் விதி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் எஃப்டிஏவே சாட்சி. அதன் ஆணையராக இருந்த லெஸ்டர் கிராஃபோர்ட் 2005 செப்டம்பரில் திடீரென்று விலகினார். தன் துறை கட்டுப்படுத்தும் உணவு, மருத்துவச் சாதனக் கம்பெனிகளின் பங்கை வைத்திருந்ததையும், அதைப் பற்றிப் பொய்க் கணக்குக் கொடுத்ததையும் அடுத்த ஆண்டு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். சுமார் 90,000 டாலர் அபராதம். விற்கச் சொல்லும் வழி, சொல்லச் சொல்லும் வழியின் தோளில்தான் நிற்க வேண்டும். என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதை விற்கச் சொல்வது?

இன்னொரு ஓட்டை, நாளைக்கு வரப்போகும் பணம். ஸ்காட் காட்லீப் 2019 ஏப்ரலில் எஃப்டிஏ ஆணையர் பதவியை விட்டார், ஜூனில் ஃபைசர் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். சட்டப்படி தவறில்லை. ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு வலி மாத்திரைக்கு 1995-ல் அனுமதி கிடைத்தபோது அதைப் பரிசீலித்த அதிகாரி கர்டிஸ் ரைட், பிற்பாடு அதே மாத்திரையைத் தயாரித்த பர்டூ கம்பெனிக்கே வேலைக்குப் போனார். நம் ஐஏஎஸ் அதிகாரிகள் ஓய்வுக்குப் பின் தனியார் வேலைக்குப் போக அனுமதி வாங்கியே தீர வேண்டிய காலம் இரண்டு ஆண்டாக இருந்தது. 2015-ல் ஓராண்டாகக் குறைத்தார்கள். மருந்துத் துறைக்கு இது போதாது என்பது என் எண்ணம்.

நம் விதி என்ன சொல்கிறது? ஊக வணிகம் கூடாது, முதலீடு செய்யலாம். ஆனால் கடமையைப் பாதிக்கக்கூடிய முதலீட்டைத் தானும் செய்யக் கூடாது, குடும்பத்தாரையும் செய்யவிடக் கூடாது. 1964 விதிகளின் 16-ம் விதியில் இது தெளிவாகவே இருக்கிறது. எது பாதிக்கும், எது பாதிக்காது என்று சந்தேகம் வந்தால் அரசு சொல்வதே முடிவு. விதி நன்றாகத்தான் இருக்கிறது. மருந்துத் துறைக்கென்று எஃப்டிஏ போலத் துல்லியமாகக் கோடு கிழிக்காததுதான் குறை.

கண்ணைக் கட்டிய அறக்கட்டளை என்று ஒரு ஏற்பாடும் உண்டு. தன் பணம் எங்கே போடப்பட்டிருக்கிறது என்று தனக்கே தெரியாதபடி வேறொருவர் நிர்வகிப்பது. கோடீஸ்வரர்களுக்கு உரியது. தக்கலையில் இருக்கும் ஒரு உதவி இயக்குநருக்கு இதைப் பரிந்துரைத்தால் சிரிப்பார்.

ஆளைத் திருத்தாமல் முறையைத் திருத்துவது

1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வேறு விதமாக யோசித்தது. அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்தை மாநிலம் முழுவதற்கும் ஒரே இடத்தில் டெண்டர் விட்டு வாங்குவது, மாவட்டக் கிடங்குகளில் வைப்பது, மருத்துவமனைகள் பாஸ்புக்கில் எழுதி எடுத்துக்கொள்வது. மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பும்போது கம்பெனிப் பெயரை மறைத்துக் குறியீடு மட்டும் போட்டு அனுப்புவது. யாருடைய மாத்திரை என்று சோதிப்பவருக்குத் தெரியாவிட்டால், அவர் பெட்டகத்தில் எந்தப் பங்கு இருந்தால்தான் என்ன? கேரளமும் ராஜஸ்தானும் பிற்பாடு இதே வழியில் வந்தன. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எந்தக் கம்பெனி மாத்திரை வரும் என்பதை அங்குள்ள யாரும் தீர்மானிப்பதில்லை. மச்சானுக்கு அங்கே வேலையில்லை.

ஆனால் மருந்து இருப்பு இல்லாதபோது உள்ளூரில் வாங்கும் சிறு பகுதி இருக்கிறதே, அங்கே ஆள் திரும்ப வந்துவிடுகிறார். வெளியே எழுதிக் கொடுக்கும் சீட்டு எந்தக் கடைக்குப் போகிறது என்பதும் அப்படித்தான். இதைவிடப் பெரிய இடைவெளி, தனியார் சந்தை. 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு இருமல் சிரப்பில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் இருந்தது. மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்தார்கள். ஆய்வுக்குப் போகவில்லை என்று இங்கே மருந்து ஆய்வாளர்கள் இருவர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களுக்குப் பங்கு இருந்தது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல வருவது இதுதான்: தொழிற்சாலைக்குள் நுழைய வேண்டியவர் ஒரு மனிதர். அவரைக் குறியீடு போட்டு மறைக்க முடியாது.

புதிய மருந்து அனுமதியும் அப்படித்தான். மத்திய மருந்துத் தர அமைப்பைப் பற்றி 2012-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கொடுத்த அறிக்கை, 2008 ஜனவரி முதல் 2010 அக்டோபர் வரை 33 மருந்துகள் இந்திய நோயாளிகளிடம் சோதிக்கப்படாமலேயே அனுமதி பெற்றதைக் காட்டியது. வெவ்வேறு ஊர் நிபுணர்கள் எழுதிய பரிந்துரைக் கடிதங்கள் கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தனவாம். எழுதியது யார் என்று குழுவுக்குச் சந்தேகம் வந்ததில் வியப்பில்லை.

அதனால் என் கணக்கு இப்படி. மருந்துக்கு அனுமதி கொடுப்பவர், தொழிற்சாலையை ஆய்வு செய்பவர், டெண்டர் குழுவில் இருப்பவர் மருந்துப் பங்கை விற்றே ஆக வேண்டும், கணவன் மனைவியையும் சேர்த்து. இவர்கள் எண்ணிக்கை அதிகமில்லை, அரசுக்கு நஷ்டமும் இல்லை. விற்பது வளர்ந்த பிள்ளையையும் தம்பியையும் எட்டாது. அவர்களுக்கு அறிவிப்பு, அதுவும் இணையத்தில், கம்பெனிப் பெயரோடு. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரோ மருந்தாளுநரோ சம்பளத்தில் மிச்சம் பிடித்து நாலு ஷேர் வைத்திருந்தால் அவரைத் துரத்த வேண்டாம்.

ஒதுங்குவதை மாவட்ட அளவில் வைத்துக்கொள்ளலாம், ஒரு நிபந்தனையோடு: கோப்பு மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டும். ஆய்வாளரின் சொந்தக்காரர் கடைக்கு லைசென்ஸ் என்றால் திருநெல்வேலியிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். அலைச்சல் இல்லையா என்று கேட்டால், இருக்கும். மச்சானுக்குத்தானே அலைச்சல், அவர் அலையட்டும்.