கூர்த்துவாவுக்காகக் கட்டிய சந்தா

முட்டி ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் முடிந்து, காலுக்கடியில் தலையணை வைத்துப் படுத்திருந்தபோதுதான் பழைய கால்பந்து மேட்ச்களை முழுசாகக் காட்டும் இந்தச் சேவைக்குப் பணம் கட்டினேன். மாதம் 299 ரூபாய். எங்கள் அணிக்கு நான்தான் கோல்கீப்பர். இதே ஜவ்வு கிழிந்து, திரும்பவும் வந்து நின்றவர் பெல்ஜியத்தின் திபோ கூர்த்துவா. அவர் ஆட்டத்தை ஆரம்பத்திலிருந்து பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

ஆரம்பம்தான் கிடைக்கவில்லை. சின்ன வயதில் லெஃப்ட் பேக்காக (இடது பக்கத் தடுப்பாட்டக்காரராக) ஆடிய பையன், கெங்க் அணியின் கீப்பராகி 2011இல் பெல்ஜியம் லீக் பட்டம் வென்றபோது வயது 19. அந்த சீசனில் ஒரு மேட்ச்கூட இங்கே இல்லை. ஆட்டக்காரர் பெயரைப் போட்டுத் தேடவும் வழியில்லை. அணியும் தேதியும் தெரிந்திருக்க வேண்டும். இது பெரிய குறை.

ஸ்பெயினின் அட்லெட்டிகோ மாட்ரிட் அணியில் ஆடிய காலம் நன்றாகவே இருக்கிறது. இங்கிலாந்தின் செல்சி அணி வாங்கிய கையோடு கடனாக அனுப்பிவிட, மூன்று சீசன் அங்கே ஆடினார். ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான 2014 லிஸ்பன் சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப் கோப்பை) இறுதிப் போட்டியை இரண்டு இரவுகளில் பார்த்தேன். 93ஆம் நிமிடம் வரை 1-0 முன்னிலை. ரியலின் ராமோஸ் தலையால் முட்டிய பந்துக்குக் கூர்த்துவா பாய்ந்தும் எட்டவில்லை. கூடுதல் நேரத்தில் இன்னும் மூன்று கோல் வாங்கி, 4-1 தோல்வி. வெட்டாமல் பார்க்கும்போது அந்த முப்பது நிமிடம் நெஞ்சை அழுத்துகிறது.

எட்டு வருடம் கழித்து, அன்று தோற்கடித்த ரியல் மாட்ரிட்டின் கோலில் அவரே நிற்கிறார். அதே கோப்பையின் 2022 பாரிஸ் இறுதிப் போட்டி, லிவர்பூலுக்கு எதிராக 9 சேவ் (கோலாகாமல் தடுத்தது). மானே அடித்தது விரல் நுனியில் பட்டுக் கம்பத்தில் மோதியதை எல்லாரும் ஹைலைட்ஸில் பார்த்திருப்போம். என் காசுக்கு ஈடாக இருந்தது, இந்தச் சேவையில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தும் பட்டன். கடைசி பத்து நிமிடத்தில் சலாவுக்கு வந்த வாய்ப்பை அப்படி ஓட்டிப் பாருங்கள். அடி விழுவதற்கு முன்பே கூர்த்துவா முன்னால் வந்து கோணத்தை அடைத்துவிடுகிறார். அப்புறம்தான் அந்த நீளக் கை. கை நீளம் எனக்கு இல்லை, ஆனால் அந்த முன்னெட்டைப் பழகலாம். கீப்பராக இருப்பவர்கள் இதற்காகவே ஒரு மாதம் கட்டலாம்.

படம் போனில் தெளிவு. 2012க்கு முந்தையவை டிவியில் மங்கல். விளம்பரம் இல்லை.

கூர்த்துவாவுக்கு 2023 ஆகஸ்டில் இடது முட்டி ஜவ்வு கிழிந்தது, 2024 மார்ச்சில் வலது முட்டியில் மெனிஸ்கஸ் (முட்டிக்குள் இருக்கும் குருத்தெலும்பு) கிழிந்தது. மே மாதம் காடிஸுக்கு எதிராக மறுபடி இறங்கினார். ஜூன் 1 லண்டன் வெம்ப்லியில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில், ஜெர்மனியின் டோர்ட்மண்ட் அணியின் அடெயெமி தனியாக ஓடி வந்தபோது இவர் முன்னேறி வந்ததில், பந்தை ஓரமாகத் தள்ள வேண்டியதாகி அந்த வாய்ப்பே போனது. 2-0 வெற்றி. அன்று காலையில்தான் பிசியோ என்னை முதல் முறையாக ஒற்றைக் காலில் நிற்க வைத்திருந்தார். அந்த இடத்தை நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

வருடச் சந்தா வேண்டாம், மாதம் மாதம் கட்டுங்கள். நான் இன்னொரு மாதம் கட்டிவிட்டேன். 2018 உலகக் கோப்பையில் நெய்மரின் அடியைத் தட்டிவிட்ட பிரேசில் மேட்ச் இன்னும் பாக்கி இருக்கிறது.