படர்தாமரைக்குச் சீமை அகத்தியா, டியூப் மருந்தா?

கார் நடவு, பிசான நடவு என்று நாள் முழுக்கச் சேற்றில் நிற்பவர்களுக்குக் கால்விரல் இடுக்கில் சேத்துப்புண் வரும். வேர்வை ஊறும் இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வட்ட வட்டமாகப் படர்தாமரை வரும். தாமிரபரணிக் கரை ஊர்களில் இதற்கு முதலில் தேடுவது சீமை அகத்தி. அதற்கு வண்டுகொல்லி என்றும் பெயர்.

அந்த இலையை வெறும் நம்பிக்கை என்று தள்ள முடியாது. அதிலுள்ள கிரைசோபனிக் அமிலம் போன்றவை பூஞ்சையை ஒடுக்கும். நாகமல்லிக்கும் அந்தக் குணம் உண்டு. சிக்கல் அளவில்தான் இருக்கிறது. தளிரிலும் முற்றின இலையிலும் மருந்துச் சத்து ஒன்றுபோல இருக்காது. விழுது காய்ந்து உதிர்ந்தால் அதோடு மருந்தும் போய்விடும். அரைப்பதானால் ஒரு கைப்பிடி இலையைத் தேங்காயெண்ணெய் விட்டு மைய அரைத்து, அன்றன்றைக்கே பூசிவிட வேண்டும். எலுமிச்சைச் சாறு சேர்க்கவே கூடாது, சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் தோல் வெந்து கறுத்துவிடும். பச்சைப் பூண்டைத் தேய்த்தால் கொப்புளிக்கும்.

டியூப் மருந்தில், பூஞ்சையைக் கொல்லும் க்ளோட்ரிமசோல் 1 சதவீத க்ரீமில் மருந்தின் அளவு மாறாது. காலையும் மாலையும், 2 முதல் 4 வாரம் போட வேண்டும். பூஞ்சை மும்முரமாக இருப்பது வட்டத்தின் ஓரத்தில். அதனால் தடிப்புக்கு வெளியே 2 செ.மீ. தள்ளித் தொடங்கி உள்நோக்கித் தடவ வேண்டும். ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். பலர் தோற்பது ஐந்தாம் நாள் அரிப்பு நின்றதும் டியூபை மூடிவைப்பதால். தோல் தெளிந்த பிறகும் 2 வாரம் தொடர வேண்டும். டெர்பினாஃபின் என்ற இன்னொரு பூஞ்சை மருந்துக்கு அடங்காத பூஞ்சை இந்தியாவில் இப்போது பரவியிருப்பதால், அந்த மருந்தைப் போட்டும் குறையவில்லை என்றால் மருத்துவரைப் பார்ப்பதே சரி.

இலையையும் க்ளோட்ரிமசோல் க்ரீமையும் எதிரெதிரே வைத்தால் எங்கள் ஓட்டு க்ரீமுக்கே. ஆனால் சீட்டில்லாமல் கடையில் ‘ஊறலுக்கு ஒரு டியூப்’ என்று கேட்டு வாங்குகிற, க்ளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்போடு ஒப்பிட்டால் இலை எவ்வளவோ மேல். அந்த ஸ்டீராய்டு இரண்டே நாளில் அரிப்பை அடக்கும். அடியில் பூஞ்சை தாராளமாகப் பரவும். வட்டமே கலைந்து, மருத்துவர் கண்ணுக்கும் அடையாளம் தெரியாமல் போகும். தொடையிடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாகக் கிழியும். அந்தத் தழும்பு மறையாது. வாங்கும் முன் டியூபில் எழுதியிருக்கும் மருந்துப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள்.

தலையிலோ நகத்திலோ வந்தால் இலையும் போதாது, க்ரீமும் போதாது, மாத்திரை வேண்டும். சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் கைவைத்தியத்தில் நாள் கடத்த வேண்டாம். மருத்துவமனையின் தோல் பிரிவில் லேசாகச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையா என்று தெரிந்துவிடும்.

எதைப் பூசினாலும் ஈரமான அரைஞாண் கயிற்றைக் கழற்றிவிடுங்கள், பூஞ்சை அதில் ஒட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப இடுப்பில் ஏறும். துண்டு ஆளுக்கு ஒன்று இருக்கட்டும். உள்ளாடையை வெந்நீரில் அலசி, உள்பக்கம் வெளியே தெரியும்படி வெயிலில் காயப்போடுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் இருவரும் ஒரே நாளில் மருந்தைத் தொடங்குங்கள்.