காய்ச்சல் சீசனில் அம்மாவை எங்கே சேர்ப்பது: டிக்கோயாவா, கண்டியா, பிரைவேட்டா?

இலங்கையில் இன்ஃப்ளுவென்ஸா வருடத்தில் பொதுவாக இரண்டு முறை தலைதூக்கும். மே, ஜூன், ஜூலையை ஒட்டி ஒன்று. வருடக் கடைசியில் தொடங்கி தைப்பொங்கல் தாண்டும் வரை இன்னொன்று. மலைநாட்டில் இரண்டுமே மழையும் குளிருமான காலம். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், ஒரு காம்பிராவில் இருமல் கேட்டால், அந்தக் கிழமைக்குள் அடுத்தடுத்த காம்பிராக்களிலும் கேட்கும். சுவர் ஒன்று, கோடிப்பக்கம் ஒன்று, பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில் விளையாடுகிறார்கள், வேறென்ன நடக்கும்.

இந்த முறை எங்கள் வீட்டில் மாட்டியவர் அம்மா. அறுபத்தைந்து தாண்டியவர், சீனி வருத்தம் இருக்கிறது, பழைய வீசிங்கும் இருக்கிறது. எங்கள் முன்னால் இருந்த வழிகள் மூன்று: ஹட்டன் பக்கத்தில் எங்களுக்குக் கிட்ட இருக்கும் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை, நேரே கண்டிப் பெரியாஸ்பத்திரி, அல்லது கடன்பட்டாவது பிரைவேட். நாங்கள் சேர்த்தது டிக்கோயாவில். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யாரைச் சேர்க்க வேண்டும் என்பதில் அதிக நேரம் போக்க வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு இந்தக் காய்ச்சல் ஒரு கிழமைக்குள் வீட்டிலேயே இறங்கிவிடும். பரசிட்டமோலும் கஞ்சியும் படுக்கையும் போதும். மூச்சு வாங்குவது, நெஞ்சு நோவது, ஆள் மயங்கி மயங்கிப் படுப்பது, குழந்தை பால் குடிக்காமல் விடுவது, விட்ட காய்ச்சல் திரும்பவும் ஏறுவது, இதில் ஏதாவது கண்டால் காத்திருக்கக் கூடாது. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், வயதானவர்கள், சீனி, இருதயம், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அவ்வளவு தூரம் போகும் முன்பே டொக்டரைக் காட்ட வேண்டும். இன்ஃப்ளுவென்ஸா வைரசுக்குக் கொடுக்கும் ஒசெல்டாமிவிர் மருந்து காய்ச்சல் தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இது டெங்குவாகவும் இருக்கலாம். மூன்றாம் நாள் இரத்தத்தைப் பார்த்து டெங்கு இல்லை என்று டொக்டர் சொல்லும் வரை புரூஃபன் மாதிரி நோ மாத்திரைகளைத் தொடவே கூடாது.

சரி, பிரைவேட். அதன் நல்லது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தனி அறை, சுத்தமான கழிவறை, வீட்டாள் பக்கத்திலேயே படுக்கலாம், டொக்டரிடம் நின்று பேசலாம். ஆனால் மலைநாட்டு டவுன்களில் பின்னேரம் காசு கொடுத்துச் சனல் பண்ணும் விசேட நிபுணர், பல நேரம் காலையில் அரச வாட்டில் ரவுண்ட்ஸ் போகும் அதே ஆள்தான். அங்கே அவரைப் பார்க்க ஐந்து சதமும் தேவையில்லை. பிரைவேட்டுக்குக் காசு கொடுப்பதென்றால் சீசன் தொடங்கும் முன்பு தடுப்பூசிக்குக் கொடுங்கள் என்பேன். இன்ஃப்ளுவென்ஸா ஊசி பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது, வயதானவர்களுக்கு அது உண்மையாகவே பயன்படும்.

கண்டி வேறு விதம். நாட்டின் இரண்டாவது பெரிய வைத்தியசாலை, எல்லாத் துறையும் இருக்கிறது. "எப்படியும் கடைசியில் கண்டிக்குத்தானே அனுப்பப் போறாங்க, நேரா அங்கேயே போயிடலாமே" என்று பெரியப்பா ஒரே பிடியாக நின்றார். கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக வேனில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். வழியில் ஒட்சிசன் கிடையாது, பார்க்க ஆளும் கிடையாது. மே மாதக் காய்ச்சலும் தென்மேற்குப் பருவமழையும் ஒன்றாகத்தான் வரும். அந்த மாதங்களில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து பாதை அடைபடுவது எங்களுக்குப் புதினமில்லை. வருடக் கடைசிச் சீசனும் சும்மா இல்லை, 2025 நவம்பரில் டித்வா புயல் மலைப்பாதைகளை என்ன செய்தது என்று பார்த்தோம். பாதை திறந்திருந்தாலும், மூச்சு வாங்கும் மனிதரை வளைவுக்கு வளைவு சாய்த்துக்கொண்டு கொண்டுபோவது தனிக் கொடுமை.

என் முடிவைத் தீர்மானித்தது தூரமோ காசோ அல்ல. ராத்திரி நிலைமை மோசமானால் அடுத்த இடத்துக்கு யார் கொண்டுபோவது என்பதுதான். இன்ஃப்ளுவென்ஸாவில் இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சேர்க்கும் அன்று ஆள் ஓரளவு நன்றாகவே இருப்பார். நிமோனியா பிடித்து மோசமாவதெல்லாம் பிறகுதான், அதுவும் பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கி நாலைந்து நாள் போன பிறகு. ஆகவே இன்றைக்கு எங்கே கட்டில் நல்லது என்று பார்ப்பதைவிட, அந்தக் கட்டிலிலிருந்து தீவிர சிகிச்சைக்கு வழி எப்படி என்று பார்க்க வேண்டும்.

அரச வைத்தியசாலையில் அந்த வழி ஏற்கெனவே போட்டிருக்கிறது. ஆளின் நிலை இறங்கினால் வாட்டு டொக்டரே போனை எடுத்து நுவரெலியா, நாவலப்பிட்டி, பேராதனை, கண்டி என்று கேட்டு, எங்கே கட்டில் இருக்கிறதோ அங்கே பேசி முடிக்கிறார். கடிதம், எக்ஸ்ரே, இரத்த ரிப்போர்ட் எல்லாம் ஆளோடு போகும். ஆம்புலன்ஸில் ஒட்சிசன் இருக்கும், கூடவே ஒரு மிஸ்ஸியோ (தாதி) டொக்டரோ போவார். அங்கே இறக்கும்போது எதிர்பார்த்து ஆள் நிற்கும். வீட்டுக்காரர் செய்ய வேண்டியது கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்னால் பஸ் பிடித்து வருவது. காசு கேட்க மாட்டார்கள்.

சின்னப் பிரைவேட் இடங்களில் அந்த வழி வாசலோடு நின்றுவிடும். எங்கள் மாமாவை ஒரு சீசனில் அப்படி ஓரிடத்தில் சேர்த்திருந்தோம். பகல் முழுக்கச் சேலைன், ஊசி, நல்ல கவனிப்பு, குறை சொல்ல முடியாது. நடுச்சாமத்தில் மூச்சு முட்டியதும், "எங்ககிட்ட மெஷின் வசதி இல்ல, வேற இடத்துக்குக் கொண்டுபோங்க" என்றார்கள். எங்கே, யாரிடம் பேசுவது, எந்த வாகனம் என்பதெல்லாம் எங்கள் தலையில். கணக்கை முடித்தால்தான் கடிதம் தருவோம் என்று சொன்னபோது அத்தை வளையலைக் கழற்றப் போய்விட்டார். கடைசியில் தெரிந்த பையனின் வேனில் அரச வைத்தியசாலைக்குத்தான் கொண்டுபோனோம், அங்கே திரும்பவும் முதலிலிருந்து எல்லாம் கேட்டார்கள். மாமா பிழைத்துவிட்டார். கண்டியிலிருக்கும் பெரிய பிரைவேட்டுகளில் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டு, அங்கே இந்தச் சிக்கல் வராது. ஆனால் அங்கே நாள் கணக்கில் ஏறும் பில்லை ஒரு தோட்டக் குடும்பம் எத்தனை நாள் தாங்கும்?

கண்டிப் பெரியாஸ்பத்திரியில் மாற்றும் தேவையே வராது என்பது பெரியப்பா சொன்னதில் இருந்த நியாயம். ஆனால் சீசனில் சுற்றுவட்டாரமெல்லாம் அங்கேதான் ஓடுகிறது. வாட்டு நிரம்பினால் ஒரே கட்டிலில் இரண்டு பேர், கட்டிலுக்கு நடுவில் பாய். இருமுகிற காய்ச்சலுக்கு அது நல்ல இடமா? பேச்சும் ஒரு பிரச்சினை. அம்மாவுக்குச் சிங்களம் சந்தை அளவுக்குத்தான் தெரியும். "நெஞ்சு இறுக்கமா இருக்கு, பாரமா இல்ல" என்பதை அவரால் அங்கே பிரித்துச் சொல்ல முடியாது. டிக்கோயாவில் வாட்டில் பாதிப்பேர் தமிழ்தான், மிஸ்ஸிக்கு விளங்காவிட்டால் பக்கத்துக் கட்டில் பொம்பளையே சொல்லிக்கொடுப்பார்.

துணைக்கு நிற்கிற ஆளையும் நினைக்க வேண்டும். அக்கா ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது நாட்சம்பளம் இல்லை. டிக்கோயா என்றால் காலையில் கொழுந்து பறித்துவிட்டுப் பின்னேரம் பார்க்கும் நேரத்துக்கு ஓட்டோவில் வந்துவிடலாம். கண்டி என்றால் அக்காவின் பேர் முழுக்கப் போகும், எங்கே தங்குவது என்ற கேள்வி வேறு.

வைத்தியசாலையின் தரமும் முக்கியம்தான். டிக்கோயாவில் 150 கட்டிலோடு இந்திய உதவியில் கட்டிய கட்டடத்தை 2017 மே மாதம் மோடி வந்து திறந்துவைத்தார். ஆதார வைத்தியசாலை என்றால் பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, குழந்தை, மகப்பேறு ஆகிய நான்குக்கும் விசேட நிபுணர் இருப்பார். தோட்டத்து டொக்டரையா தருகிற மருந்துக்கும், பிரதேச வைத்தியசாலையில் ஒரு ராத்திரி படுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் அதுதான். குறை இல்லாமலில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சில மருந்துகளுக்குத் துண்டெழுதி வெளியில் வாங்கச் சொல்வது முழுக்க நிற்கவில்லை. கழிவறையைப் பற்றி எழுதப் போவதில்லை.

அம்மாவின் விரலில் ஒட்சிசன் பார்க்கும் கிளிப்பைப் போட்டபோது முதலில் அது இலக்கமே காட்டவில்லை. ஓய்வுபெற்று ஈ.பி.எஃப். சேமலாபக் காசு எடுத்த பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர். ஆட்காட்டி விரலும் கட்டைவிரலும் சாயம் ஏறி, வெடித்து, கறுத்துப் போயிருக்கும். குளிரில் கை வேறு சில்லிட்டிருந்தது. அந்த மிஸ்ஸி கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துச் சூடாக்கி, கிளிப்பை மோதிர விரலுக்கு மாற்றினார். 91 என்று வந்தது. உயரமான இடத்தில் சுகமாக இருப்பவருக்கே கொழும்புக்காரரைவிட ஓரிரண்டு குறைவாகக் காட்டலாம். ஆனால் 91ஐ உயரத்தின் மேல் போட முடியாது என்று டொக்டர் உடனே ஒட்சிசன் போட்டார். தொண்டையில் சாம்பிள் எடுத்தார்கள், ஆனால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருந்தை ஆரம்பித்தார்கள்.

அம்மாவுக்கும் ஒரு ராத்திரி மாற்றி அனுப்பும் பேச்சு வந்தது. அக்கா உள்ளே, நான் வாசலில். டொக்டர் இரண்டு இடத்துக்குப் பேசி, ஓரிடத்தில் கட்டில் சொல்லிவைத்த பிறகுதான் எங்களிடம் வந்து சொன்னார். விடியும்போது ஒட்சிசன் ஏறிவிட்டதால் அனுப்பத் தேவைப்படவில்லை.

குழந்தை என்றால் நான் இவ்வளவு திடமாகச் சொல்லமாட்டேன். பேராதனையில் சிறுவருக்கென்றே சிறிமாவோ பண்டாரநாயக்க வைத்தியசாலை இருக்கிறது, முன்பே நெஞ்சு வருத்தமுள்ள பிள்ளையின் பெற்றோர் அங்கே பழகியிருந்தால் பழகிய இடமே நல்லது. கர்ப்பிணிக்குக் கிளினிக் கொப்பி எங்கேயோ அங்கே. பதுளை, பண்டாரவளைப் பக்கம் எனக்குப் பழக்கமில்லை. என் கணக்கு ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைக்காரருக்குத்தான்.

போகும் வழி, 1990க்குப் போன் எடுத்தால் வரும் சுவசெரிய ஆம்புலன்ஸ். இலவசம், அரச வைத்தியசாலைக்கே கொண்டுபோகும். லயத்து வாசல் வரை வண்டி ஏறாத தோட்டம் என்றால், போன் எடுக்கும்போதே ஆளைக் கதிரையில் வைத்துப் பெரிய ரோட்டுக்கு இறக்க நாலு பேரைக் கூப்பிட்டுவிடுங்கள். அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, குடிக்கிற மாத்திரைகளின் வெறும் அட்டை, கம்பளி, சுடுதண்ணிப் போத்தல். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது நோய் விபர அட்டையைக் கேட்டு வாங்குங்கள், அவசரத்தில் பல பேர் அதை மேசையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.